வேலை தேடிப் போகுமுன்: பிரதேச செயலகத்தில் உங்களுக்காக இருக்கும் தொழில் வழிகாட்டல் சேவை

காணி துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து முடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: மாதா மாதம் கைக்கு வரும் வருமானத்துக்கு என்ன வழி? உலருணவு நிவாரணம் ஒருநாள் நின்றுவிடும். வீட்டுத்திட்டக் காசு சீமெந்துக்கும் ஓட்டுக்கும் போய்விடும். கூலி வேலை மாரி தொடங்கினால் நின்றுவிடும். இந்தக் கேள்விக்கு முழு விடையையும் இந்தப் பாடம் தராது. ஆனால் உங்கள் பிரதேசத்திலேயே இருக்கும் ஒரு சேவையை எப்படிப் பயன்படுத்துவது என்று இது சொல்கிறது. எமது களப்பணியில் நாங்கள் சந்தித்த குடும்பங்களில் அந்தச் சேவையைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு.

எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களம் என்று ஒரு அரச திணைக்களம் உண்டு. மாவட்டச் செயலகத்தில், அதாவது நாங்கள் கச்சேரி என்று சொல்லும் இடத்தில், அதன் அலுவலகம் இயங்குகிறது. பிரதேச செயலகத்துக்குப் போனால் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். வேலை தேடுபவர்களைப் பதிவது, ஆட்கள் தேவைப்படும் தொழில் வழங்குநர்களோடு அவர்களைச் சேர்த்துவிடுவது, எந்தப் பயிற்சி யாருக்குப் பொருந்தும் என்று ஆலோசனை சொல்வது, தொழிற்சந்தைகளை நடத்துவது ஆகியவை இவர்களின் கடமை. இதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. யாராவது "பதிவுக் காசு" கேட்டால் அது இந்தச் சேவை அல்ல.

இந்த அலுவலகம் வேலை உண்டாக்கும் இடம் அல்ல என்பதையும் ஆரம்பத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். அரசாங்க வேலையும் இங்கே கிடைக்காது. அரச வெற்றிடங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, போட்டிப் பரீட்சை அல்லது நேர்முகப் பரீட்சை மூலம் நிரப்பப்படுகின்றன. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வளர்த்ததால், பலர் வர்த்தமானியை மட்டுமே பார்த்துக்கொண்டு 25 வயது, 28 வயது என்று காத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை உள்ள காலத்தில் ஒரு தொழிலைப் படிக்கலாம், ஒரு வேலையில் அனுபவம் எடுக்கலாம்.

"பேரைப் பதிந்து ஆறு மாதம், ஒரு கடிதமும் வரவில்லை" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. விசாரித்துப் பார்த்தால் பல இடங்களில் காரணம் மிகச் சிறியதாக இருக்கும்: பதியும்போது கொடுத்த தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது. சிம் மாற்றினால் அன்றே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டாவது இலக்கமாகப் பக்கத்து வீட்டுக்காரருடையதையோ உங்கள் மாதர் சங்கத் தலைவியுடையதையோ கேட்டுக் கொடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் முகம் காட்டி வருவதும் நல்லது. ஒரு வெற்றிடம் வரும்போது உத்தியோகத்தருக்கு முதலில் ஞாபகம் வருவது அண்மையில் வந்து கதைத்துவிட்டுப் போனவர்தான்.

கொண்டுபோக வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், பயிற்சிச் சான்றிதழ்கள், இருந்தால் சாரதி அனுமதிப்பத்திரம். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்துச் செல்லுங்கள். மூலப் பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் "சான்றிதழ் எடுத்த பிறகு போவம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறப்புப் பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பெறலாம். அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம அலுவலரிடம் போங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்து மீண்டும் பெறலாம். சுட்டிலக்கம் ஞாபகம் இல்லாவிட்டால் தோற்றிய ஆண்டையும் பாடசாலையையும் எழுதிவைத்துக்கொண்டு பாடசாலை அதிபரிடம் முதலில் கேளுங்கள். நடமாடும் சேவை உங்கள் பக்கம் வரும் திகதியைக் கிராம அலுவலர் அலுவலக அறிவித்தல் பலகையில் பாருங்கள். கச்சேரிக்கு நாலுதரம் அலைவது மிச்சம்.

தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அங்கே படித்த பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களும் பாடசாலை மாற்றுச் சான்றிதழும் இங்கே தேவைப்படும். அவற்றோடு வலயக் கல்வி அலுவலகத்தில் கதையுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு முடியாமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அது இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. அடையாள அட்டை இல்லாமல் முறையான வேலைக்குப் போவது கடினம்.

இடப்பெயர்ந்த ஆண்டுகளை எப்படி எழுதுவது

சுயவிபரக்கோவை எழுதும்போது எங்கள் மக்கள் பேனாவை வைத்துவிடும் இடம் இதுதான். 2006 இல் சாதாரண தரம் எழுதியவர் அடுத்த வரியில் 2013 இல் ஒரு கடையில் வேலை செய்ததாக எழுதுகிறார். இடையில் ஏழு ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. கொழும்பிலிருந்து வந்த ஒரு முகாமையாளர் அந்தத் தாளைப் பார்த்தால், இந்த ஏழு வருடமும் இவர் என்ன செய்தார் என்ற கேள்விதான் அவருக்கு வரும். கேட்கவும் கூச்சப்படுவார். கேட்காமலே அடுத்த தாளை எடுத்துவிடுவார்.

அந்த ஆண்டுகளில் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதை அனுபவமாக எண்ணி எழுதுவதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் நூறு பேருக்கு மேல் சாப்பிடும் பொதுச் சமையலில் அவர் பொறுப்பாக நின்றார். அரிசி, பருப்பு அளந்து எடுத்தார், கணக்குக் கொப்பி வைத்தார், ஆறு பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். "வேலை அனுபவம்" என்ற இடத்தில் அவர் எழுதியது "இல்லை" என்ற ஒரு சொல். அதே விடயத்தை இப்படி எழுதலாம்: "2009–2010, இடம்பெயர்ந்தோர் முகாம், செட்டிகுளம்: பொதுச் சமையலறைப் பொறுப்பாளர் (தொண்டர்). பொருட்கள் பெறுதல், இருப்புக் கணக்கு, ஆறு பேர் கொண்ட குழுவை வழிநடத்தல்." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒரு விடுதியின் சமையலறைக்கோ பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கோ ஆள் தேடுபவர் இதைப் படித்தால் கட்டாயம் நிறுத்தி வாசிப்பார்.

முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள், வைத்தியசாலையில் பெயர் பதிந்து கொடுத்தவர்கள், தொண்டு நிறுவனங்களுக்கு மொழிபெயர்த்தவர்கள், தண்ணீர் பவுசர் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். அப்போது உங்களோடு வேலை செய்த ஒரு ஆசிரியரோ மருத்துவ மாதுவோ இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புனர்வாழ்வு பெற்று வந்தவர்கள் எங்களிடம் தனியாகக் கேட்கும் கேள்வி வேறு. அதைத் தாளில் எழுதுவதா விடுவதா? எதை எழுதுவது என்பது உங்கள் முடிவு. சுயவிபரக்கோவை என்பது வாழ்க்கை வரலாறு அல்ல. இந்த வேலைக்கு எது பயன்படுமோ அதை எழுதும் தாள் அது. ஆனால் புனர்வாழ்வு நிலையத்தில் நீங்கள் பெற்ற தொழிற்பயிற்சிச் சான்றிதழை மறைத்து வைக்காதீர்கள். அந்த மின்னிணைப்பு வேலையையோ தச்சு வேலையையோ கற்றது உங்கள் கை. நேரடியாகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குங்கள். நேர்முகப் பரீட்சைக்கு முன் அந்தப் பதிலை உத்தியோகத்தரோடு ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம், அதுவும் அவரின் சேவைக்குள் வரும்.

கைத்தொழில் தெரியும், தாள் இல்லை

இருபது வருடம் மேசன் வேலை செய்தவர், தகப்பனோடு நின்று மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகியவர், தையல் இயந்திரம் ஒன்றால் குடும்பத்தையே தாங்கியவர்: இவர்கள் எவரிடமும் சான்றிதழ் இல்லை. இவர்களுக்கு மீண்டும் முதலாம் வகுப்பிலிருந்து பயிற்சி எடுக்கச் சொல்வது நியாயமும் இல்லை, தேவையும் இல்லை.

இலங்கையில் தேசிய தொழிற் தகைமை, அதாவது பலரும் என்.வி.கியூ என்று சொல்வது, ஏழு மட்டங்கள் கொண்டது. முதலாம் மட்டம் ஆரம்பநிலை. இரண்டு முதல் நான்கு வரை தொழிலாளரின் திறனுக்கானவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமா நிலை. ஏழு பட்டத்துக்குச் சமமானது. வகுப்புக்குப் போகாமலே இந்தச் சான்றிதழைப் பெற ஒரு வழி உண்டு. அதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே செய்யும் தொழிலை ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, கேள்வி கேட்டு, செய்யச் சொல்லிப் பார்த்து, எந்த மட்டத்துக்கு நீங்கள் தகுதி என்று தீர்மானிப்பார். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இதைச் செய்கிறது. உங்கள் மாவட்டத்தில் அதன் அலுவலகம் எங்கே, கட்டணம் எவ்வளவு, எந்தெந்தத் தொழிலுக்கு மதிப்பீட்டாளர் உண்டு என்பதைத் தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும், அதை இன்றே தொடங்கலாம். நீங்கள் கட்டிய சுவர், செய்த கதவு, தைத்த சட்டை ஆகியவற்றை உங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். முடிந்த வேலையை மட்டுமல்ல, செய்துகொண்டிருக்கும்போதும் எடுங்கள். வேலை செய்வித்த வீட்டுக்காரரிடம் திகதியோடு கடிதம் வாங்குங்கள். வீட்டுத்திட்டத்தில் பத்து வீடு கட்டிய மேசன்மார் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தப் பத்துப் பயனாளிகளின் கையெழுத்தும் ஆதாரம்தான்.

தாள் எதற்கு, கை வேலை செய்தால் போதாதா என்று ஒரு மேசன் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஊருக்குள் வேலை செய்ய அது தேவையில்லைதான். பெரிய கட்டட ஒப்பந்தகாரரிடம் போகும்போதும் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும்தான் வித்தியாசம் தெரியும். தாள் இல்லாவிட்டால் மேசனையும் கைக்காரக் கூலியாகவே பதிவார்கள்.

சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகள்

வீட்டில் இளையவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அவர் சார்பில் நீங்களே பதில் சொல்லாதீர்கள். தாய் தகப்பன் பேசிக்கொண்டே இருக்க, பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். விருப்பம் அறியும் படிவம் ஒன்றை உத்தியோகத்தர் கொடுத்தால் பிள்ளை தனியே இருந்து நிரப்பட்டும்.

1995 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகார சபைக்குப் பல மாவட்டங்களில் நிலையங்கள் உண்டு. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வடக்குப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தொழில் பழகுநராக ஒரு வேலைத்தளத்திலேயே சேர்ந்து, சிறு கொடுப்பனவோடு படிப்பது இன்னொரு வழி.

தனியார் நிலையங்களில் காசு கட்டிச் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? நான் படிக்கப்போகும் இந்தப் பாடநெறி தரமுறைப்படுத்தப்பட்டதா? இரண்டும் ஒன்றல்ல. நிலையம் பதியப்பட்டிருக்கும், பாடநெறி தரமுறைப்படுத்தப்பட்டிருக்காது. அப்படியானால் கடைசியில் கையில் கிடைப்பது அந்த நிலையத்தின் அச்சிட்ட தாள் மட்டும்தான், தேசிய தொழிற் தகைமை அல்ல.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அனுப்பவே முடியாது. முன்பு 14 ஆக இருந்த வயதெல்லை 2021 இல் சட்டத்தால் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18.

மாற்றுத்திறனாளிகள் பற்றி ஒரு குறிப்பு. அரச மற்றும் கூட்டுத்தாபன வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988 ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது. போரில் காலையோ கையையோ இழந்தவர்கள் பலர் இதை அறியவில்லை. பதியும்போது உங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்லுங்கள், என்ன செய்ய முடியாது என்பதோடு எதைச் செய்ய முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

ஆள் தேடும் பக்கத்துக்கும் ஒரு சொல்

இந்தக் கைநூல் அரிசி ஆலை வைத்திருப்பவர், கராச் நடத்துபவர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர் கைக்கும் போகும். அவர்கள் எங்களிடம் சொல்வது, "ஆட்களை எடுத்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்" என்பது. நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை. இரவு ஏழு மணிக்கு வேலை முடிகிறது, கடைசி பஸ் ஆறரைக்கு. சம்பளம் எவ்வளவு என்று முதல் மாத முடிவில்தான் தெரிந்தது. பெண்களுக்கு மலசலகூடம் இல்லை.

வெற்றிடத்தை அலுவலகத்தில் பதிவது உங்களுக்கும் இலவசம். பதியும்போது சம்பளத்தை இலக்கத்தில் எழுதுங்கள். "பேசித் தீர்மானிக்கலாம்" என்று எழுதினால் தூரத்தில் இருப்பவர் பஸ் காசு செலவழித்து வரமாட்டார். வேலை தொடங்கும், முடியும் நேரம், வாகன வசதி, தங்குமிடம் இவற்றையும் எழுதுங்கள். சாதாரண தரம் தேவையில்லாத வேலைக்குச் சாதாரண தரம் கேட்காதீர்கள். பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்த காலத்தில் படித்த தலைமுறை இது. நல்ல தொழிலாளி ஒருவரை அந்த ஒரு வரியால் இழந்துவிடுவீர்கள்.

கூலியா, மாதச் சம்பளமா

இது ஒவ்வொரு குடும்பமும் தாமே போட வேண்டிய கணக்கு. ஒரு உதாரணம் மட்டும் தருகிறோம். நாட்கூலி 2,500 ரூபா, மாதத்தில் 14 நாள் வேலை என்று வையுங்கள்: 35,000 ரூபா. ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளம் 30,000 ரூபா. பார்த்தால் கூலிதான் மேல். ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் ஆறு நாள்தான் வேலை கிடைத்தால் 15,000 ரூபா.

மாதச் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்றும் உண்டு. ஊழியர் சேமலாப நிதியம், ஈ.பி.எவ், என்பதற்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும், தொழில் வழங்குநர் தன் கையிலிருந்து 12 சதவீதம் போடவேண்டும். 30,000 ரூபா சம்பளத்தில் உங்கள் பங்கு 2,400, அவர் பங்கு 3,600. ஆக மாதம் 6,000 ரூபா உங்கள் பெயரில் சேரும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் இன்னும் 3 சதவீதம், 900 ரூபா, கட்டவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. கைக்கு வருவது 27,600. இதில் பஸ் காசு, மதியச் சாப்பாடு, பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுப்பது போனால் எவ்வளவு மிஞ்சும்? நுண்கடன் தவணை கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய வீட்டில், மாத முடிவில் வரும் சம்பளம் முதல் மாதத்தில் நெருக்கடி தரும். வேலைக்குச் சேருமுன்பே அந்த ஒரு மாதத்துக்கு வழி பார்த்துவையுங்கள். நல்ல வேலையை மூன்றாம் கிழமையில் விட்டுவந்தவர்களில் பலரின் பிரச்சினை இதுதான், வேலை பிடிக்காமல் போனதல்ல.

தனியாகக் குடும்பத்தைப் பார்க்கும் பெண்கள் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போகுமுன், வாகனம் எத்தனை மணிக்கு எந்தச் சந்தியில் ஏற்றும், திரும்ப எத்தனை மணிக்கு இறக்கும் என்பதை ஏற்கெனவே போய்வரும் ஒருவரிடம் கேளுங்கள். விளம்பரத்தில் "போக்குவரத்து வசதி உண்டு" என்றுதான் இருக்கும். அது உங்கள் ஒழுங்கை வரையா, ஏ-9 வீதி வரை மட்டுமா என்பது அதில் இருக்காது.

கையெழுத்துப் போடுமுன்

நியமனக் கடிதம் கேளுங்கள். பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை அதில் இருக்கவேண்டும். விளங்காத மொழியில் இருந்தால் விளங்கிய பிறகு கையெழுத்திடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கடை, அலுவலக ஊழியர்களுக்குச் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். ஈ.பி.எவ் இலக்கத்தை முதல் மாதத்திலேயே கேட்டு எழுதிவையுங்கள். பயிற்சிக் காலம், தகுதிகாண் காலம் என்று சொல்லி அதைத் தள்ளிப்போட முடியாது. சம்பளச் சிட்டைகளை ஒரு பையில் போட்டுவையுங்கள். காசு கட்டப்படவில்லை என்று சந்தேகம் வந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், அப்போது அந்தச் சிட்டைகள்தான் சாட்சி.

வெளிநாட்டு வேலை என்று ஊருக்குள் வரும் முகவருக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டையும் கொடுக்காதீர்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை மாற்றலாம் என்று சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

குழுவாகச் செய்யும் பயிற்சி

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொண்டு வாருங்கள். 2006 முதல் இன்றுவரை ஆண்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக இடதுபக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே எங்கே இருந்தீர்கள், கையால் என்ன செய்தீர்கள், யார் கண்டார்கள் என்று எழுதுங்கள். எழுத வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்டு எழுதட்டும். சில ஆண்டுகளைச் சொல்ல ஒருவருக்கு மனம் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம், அந்த வரியை வெறுமையாக விட்டு அடுத்ததுக்குப் போங்கள். தாள்களை மாற்றி வாசித்து, "இதுவும் வேலைதானே" என்று தோன்றும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே நாளில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பொதுமக்கள் தினம் எது என்று கிராம அலுவலரிடம் முதல்நாளே கேட்டுக்கொண்டால், உத்தியோகத்தர் களவேலைக்குப் போன நாளில் போய் ஏமாந்து திரும்ப வேண்டிவராது.